தேமா எண்ணினால் கவிதை செத்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஒயிட்ஃபீல்டு கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு சங்கப் பாட்டைச் சீர் சீராகப் பிரித்துக் காட்டி, அதன் ஓசையைப் பற்றிப் பேசினேன். வீடியோவும் சுற்றிவிட்டது. "கவிதையை அனுபவிக்கணும், போஸ்ட்மார்ட்டம் பண்ணக்கூடாது" என்று சிறப்பு விருந்தினர் சொன்னதற்கு விழுந்த கைதட்டல், நான் பேசி முடித்தபோது விழவில்லை. சரி, இருக்கட்டும்.

நான் எடுத்துக்கொண்டது குறுந்தொகை 28, ஔவையார் பாட்டு. ஊரே தூங்குகிறது, தலைவிக்குத் தூக்கமில்லை. 'முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்', முட்டுவேனா, தாக்குவேனா என்கிறாள். அடியின் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர். அலகிட்டு, அதாவது அசை பிரித்துப் பாருங்கள், நான்கு சீரும் தேமா: 'முட்-டு', 'வேன்-கொல்' என்று இரண்டிரண்டு நேரசை. 'முட்டுவேன்கொல்' என்ற சொல்லே நடுவில் உடைந்து இரண்டு சீராக நிற்கிறது. மோதுகிற சத்தம் அது. மூன்றாம் அடியில் 'ஆஅ' என்று அளபெடை, எழுத்தை நீட்டி ஒலிப்பது; வாய்விட்ட கத்தல். அடுத்தது 'அலமர லசைவளி யலைப்பவென்'. அசைகிற காற்று வருத்த, என்று பொருள். மூன்றே சீர், மூன்றும் கருவிளம், 'அல-மர' போல இரண்டிரண்டு நிரையசை. இந்தப் பாட்டின் வகையான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, முச்சீராக வரவேண்டும் என்பது விதி. விதி குறைத்த அந்த அடியில் கொண்டுபோய்க் காற்றை வைத்திருக்கிறார். கடைசியில் 'துஞ்சு மூர்க்கே', மறுபடி தேமா தேமா. கோபம் எங்கும் போகவில்லை.

இதைச் சொன்னால் போஸ்ட்மார்ட்டமா?

"ஔவையார் தேமா எண்ணியா எழுதினார்?" எண்ணியிருக்க மாட்டார். அவருக்குக் காது இருந்தது. நமக்கு அது போய்விட்டது, எண்ணுகிறோம்.

"நாலு தேமா வேறு பாட்டிலும் வருமே, அங்கெல்லாம் கோபமா?" வரும். சீர் தனியாக உணர்ச்சி தராது, பொருளோடு சேர்ந்துதான் தரும். இதை மேடையிலேயே சொன்னேன். கைதட்டலில் கேட்டிருக்காது.

புதுக்கவிதைக்காரர்கள் ஏன் என்மேல் பாய்கிறார்கள் என்றே தெரியவில்லை. அவர்களைப் பற்றி நான் பேசவேயில்லை.

நான் இங்கே பெங்களூரில் கன்னட மீடியத்தில் படித்தவன். எங்கள் கன்னட வாத்தியார் பாமினி ஷட்பதி என்ற ஆறடிப் பாட்டை ராகமாகப் பாடிவிட்டு, அதே வரியைக் கரும்பலகையில் எழுதி லகு, குரு, அதாவது குறுகிய ஒலி, நீண்ட ஒலிக்கான குறி போடச் சொல்வார். மூன்று மாத்திரை, நான்கு மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கோடு இழுப்போம். இப்படிப் பிரிப்பதுதான் பிரஸ்தாரம், பரீட்சையிலும் கேட்பார்கள். கன்னடக் கவிதை நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் டீ குடிக்கும்போது அந்தச் சிறப்பு விருந்தினர் சொன்னது வீடியோவில் இல்லை. "பெங்களூர்க்காரங்க தமிழைப் புத்தகத்துல பார்த்துப் படிச்சவங்க, அதான் இலக்கணத்தைப் பிடிச்சுத் தொங்குறாங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பெங்களூர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. என் பாட்டி கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் ஒப்பாரி சொன்னவர். எழுத்தே தெரியாது. கூடப் பாடுகிறவள் ஒரு சீரை விட்டால், மாரில் அடிக்கிற கை அப்படியே நின்றுவிடும், முறைப்பார். எந்தப் புத்தகத்தில் படித்தாராம்?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு என் பெயரைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன்.