‘நியூஸ்’ நான்கு திசைகளின் சுருக்கம் அல்ல

நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகியவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘நியூஸ்’. நாலா பக்கமிருந்தும் சேதி வருவதால்தான் அந்தப் பெயர் என்று ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை.

புதியது என்று பொருள்படும் ‘நியூ’வின் பன்மைதான் ‘நியூஸ்’. அதாவது, புதியவை. இதே பொருளில் வழங்கிய பழைய பிரெஞ்சுச் சொல்லைப் பின்பற்றி 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. பழைய அச்சுப் பிரதிகளில் ‘டபிள்யூ’வுக்கும் ‘எஸ்’ஸுக்கும் நடுவே இன்னொரு ‘ஈ’ இருக்கும். சரி, கூடுதலாக வரும் அந்த எழுத்து எந்தத் திசை?

முதலெழுத்துகளைக் கோத்து ‘ரேடார்’ மாதிரிச் சொல் செய்வதே 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. திசைக் கதையும் இன்று நேற்று வந்ததல்ல. 1640இல் அச்சான ஓர் ஆங்கில வேடிக்கைப் பாட்டிலேயே இருக்கிறது. விளையாட்டாகச் சொன்னதை நாம்தான் வரலாறாக்கிவிட்டோம்!

சந்தேகம் இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலோ, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘எட்டிமான்லைன்’ என்ற சொற்பிறப்பு அகராதியிலோ பாருங்கள். அந்த ஃபார்வர்டு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.