அக்காவிடம் ஒரு தடையில்லாச் சான்று

(சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். தம்பி சிவப்புப் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் வந்து கோடு போகிற திசையைப் பார்க்கிறாள். கண்ணாடி அவள் தலைமேல்தான் இருக்கிறது.)

அக்கா: இது எங்கே போகிற கோடு?

தம்பி: பாகிஸ்தான் அக்கா. என் பைக்கில். ஈரான் வழியாக உள்ளே நுழைந்து குவெட்டா, அப்புறம் இஸ்லாமாபாத், காரகோரம் நெடுஞ்சாலை, கடைசியில் சீன எல்லையில் குஞ்செராப் கணவாய். 4,693 மீட்டர் உயரம்!

அக்கா: உயரம் இருக்கட்டும். போன மாதம் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் எனக்குப் போன் செய்தவன் நீதானே?

தம்பி: அது நிலத்தடி பார்க்கிங். மலையில் அந்தக் குழப்பம் வராது. ஒரே சாலை. போனால் சீனா, திரும்பினால் வீடு.

அக்கா: இந்த எல்லை ஊர்?

தம்பி: தஃப்தான். அங்கிருந்து குவெட்டா 600 கிலோமீட்டருக்கு மேல். முழுக்கப் பாலைவனம். பயப்படாதே, வெளிநாட்டுக்காரர்களுக்குத் துப்பாக்கிக் காவலர்களைத் துணைக்கு அனுப்புகிறார்கள். இலவசம்.

அக்கா: இலவசமாக எதையாவது கொடுத்தால் ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்க மாட்டாயா? ஒரு மனிதனுக்குப் பின்னால் துப்பாக்கியை அனுப்புவது ஊரைச் சுற்றிக் காட்டவா? 2025 மார்ச்சில் அந்தப் பலுசிஸ்தான் மாகாணத்தில் ஒரு ரயிலையே கடத்தினார்கள். அது சிரிக்கிற விஷயமில்லை.

தம்பி: நான் சிரிக்கவில்லையே.

அக்கா: மீசைக்குள் சிரித்தாய். சரி, அந்தக் காவல் எப்படி நடக்கும், அதைச் சொல்.

தம்பி: (குரல் கொஞ்சம் இறங்குகிறது) ஒரு சாவடியில் நிறுத்துவார்கள். பெரிய பதிவேட்டில் பெயர், அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், விசா எண் எல்லாம் எழுத வேண்டும். அடுத்த காவலர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் கொஞ்ச தூரம் வருவார். அடுத்த சாவடி. மறுபடி பதிவேடு.

அக்கா: அப்புறம்?

தம்பி: மறுபடி பதிவேடு. போய் வந்தவர்கள் எண்ணத் தொடங்கி, களைத்துப்போய் விட்டுவிட்டார்களாம். சில நேரம் காவலரிடம் வண்டி இருக்காது. துப்பாக்கியோடு நம் பின்சீட்டில் ஏறிக்கொள்வார்.

அக்கா: என்னைப் பின்னால் வைத்து ஓட்டும்போதே பள்ளம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நீ. பின்னால் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு ஒருவர். இரவு எங்கே தங்குவாய்?

தம்பி: வழியில் தால்பந்தீன் என்று ஓர் ஊர். அவர்கள் காட்டுகிற இடத்தில்தான் தங்க வேண்டும். சில சமயம் காவல் நிலைய வளாகத்திலேயே.

அக்கா: அதாவது லாக்கப்.

தம்பி: வளாகம் அக்கா! குவெட்டாவில் ஹோட்டல் உண்டு. ஆனால் உள்துறையிடம் தடையில்லாச் சான்று வாங்கும்வரை காவலர் இல்லாமல் தனியே வெளியே போகக் கூடாது.

அக்கா: ஆக, சுதந்திரக் காற்றைச் சுவாசிக்க இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போய் ஹோட்டல் ஜன்னலைத் திறந்து சுவாசிக்கப் போகிறாய். நல்லது. வண்டியை எப்படி உள்ளே கொண்டுபோவாய்?

தம்பி: கார்னே வாங்க வேண்டும். வண்டிக்கு எடுக்கிற பாஸ்போர்ட் மாதிரி. ஒரு வருஷம் செல்லும். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. அந்த இரண்டாவது முத்திரை விழாவிட்டால் வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு முழுச் சுங்க வரியும் கேட்பார்கள். அதற்குப் பிணையாக முன்கூட்டியே பெரிய தொகை கட்ட வேண்டும்.

அக்கா: வண்டி திரும்பி வர வேண்டும் என்பதற்குப் பிணை. நீ திரும்பி வருவதற்கு?

(அமைதி. தம்பி பேனா மூடியைத் திறந்து மூடுகிறான்.)

அக்கா: காப்பீடு எடுத்தாயா?

தம்பி: எடுத்தாயிற்று! எல்லாம் அடங்கியது.

அக்கா: கொடு. (கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்குகிறாள். இந்த வீட்டில் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்கிற ஒரே ஆள் இவள்தான்.) ‘அரசு போக வேண்டாம் என்று அறிவித்த பகுதிகளுக்கு இக்காப்பீடு செல்லாது.’ உன்னுடையது கனடா பாஸ்போர்ட். கனடா எச்சரிக்கையில் நான்கு படி. இயல்பான கவனம், அதிகக் கவனம், அவசியமில்லாமல் போகாதே, போகவே போகாதே. உன் பாலைவனச் சாலை?

தம்பி: நான்காவது.

அக்கா: அம்மாவின் எச்சரிக்கையிலும் நான்கு படிதான். அங்கேயும் நீ நான்காவதில்தான் நிற்கிறாய். உன் பைக் எத்தனை சிசி?

தம்பி: 650.

அக்கா: இதில் 125க்கு மேல் கிடையாது என்று போட்டிருக்கிறான். சாலையில் விழுந்தாலே பணம் வராது. உனக்குக் கடத்தல்காரன் எதற்கு? ஒரு வளைவு போதும். எதிரே லாரி, இந்தப் பக்கம் சிந்து நதி. எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்றாவது தெரியுமா?

தம்பி: ஈரானில் வலது, பாகிஸ்தானில் இடது. தஃப்தான் கேட்டைத் தாண்டியதும் மாறிக்கொள்ள வேண்டும்.

அக்கா: துப்பாக்கி, பதிவேடு, பக்கம் மாறுவது, எல்லாம் ஒரே காலையில்.

(தம்பி கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறான். அழியவில்லை. மேற்குப் பாதியின் மேல் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிறான்.)

தம்பி: சரி, இப்படி வைத்துக்கொள். விமானத்தில் இஸ்லாமாபாத். அங்கே ஒரு ஹோண்டா 125 வாடகைக்கு. கார்னே வேண்டாம், பாலைவனம் வேண்டாம். அந்த ஊரில் பால்காரரிலிருந்து வாத்தியார்வரை ஓட்டுகிற வண்டி. எந்தக் கிராமத்திலும் மெக்கானிக் உண்டு. என் 650க்கு ஒரு கேபிள் அறுந்தால் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும்.

அக்கா: முதல்தடவையாகக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஒரு பேச்சு. வடக்கே எப்படி?

தம்பி: காரகோரம் சாலையிலேயே போனால் மான்செஹ்ராவிலிருந்து சிலாஸ்வரை ஒரு துண்டு. அங்கே போகவே வேண்டாம் என்று பிரிட்டன்காரர்கள் தங்கள் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை விட்டு நாரான் என்கிற ஊர் வழியாக ஏறி, பாபுசர் கணவாயைத் தாண்டி இறங்கலாம். 4,173 மீட்டர். கோடையில் மட்டும் திறந்திருக்கும்.

அக்கா: எந்த மாதம்?

தம்பி: ஜூலை.

அக்கா: 2025 ஜூலையில் அதே பாபுசர் சாலையில் திடீர் வெள்ளம் வந்து சுற்றுலா வந்தவர்களின் வண்டிகளை அடித்துக்கொண்டு போனது.

தம்பி: உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அக்கா: நீ இரண்டு வாரமாகக் கழிவறையில் உட்கார்ந்து சத்தமாக வீடியோ பார்க்கிறாய். கதவு மெல்லியது.

தம்பி: சரி, செப்டம்பர். அப்புறம் ஹூன்சா பள்ளத்தாக்கு. 2010 ஜனவரியில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததில் உண்டான அட்டாபாத் ஏரி. ஐந்து வருஷம் லாரியையெல்லாம் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். 2015இல் சுரங்கப்பாதை வந்தது. தண்ணீர் நீலமா பச்சையா என்று சொல்ல முடியாது அக்கா. (கையால் காற்றில் தடவிக் காட்டுகிறான்.) மயில் கழுத்து.

(அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்க்கிறாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுக்கிறாள்.)

அக்கா: எழுது. பாஸ்போர்ட், விசா நகல் நாற்பது. கேட்கிற சாவடியில் எல்லாம் ஒன்று கொடுத்துவிட்டு நகரலாம். பாலத்தையும் சாவடியையும் படம் எடுக்காதே. இருக்கிற இடத்திலிருந்து படம் போடாதே, அந்த ஊரை விட்டுப் போன பிறகு போடு. இருட்டினால் ஓட்டாதே. தினமும் எனக்கு ஒரு செய்தி.

தம்பி: இன்னொன்றும் உண்டு. ஆபத்தான இடங்களுக்குப் போகிற தொண்டு நிறுவனக்காரர்கள் எழுதி வைப்பார்கள். உயிரோடு இருப்பதற்கான கேள்வி. ஒருவேளை கடத்திவிட்டால், பிடிபட்டவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்பார்கள். இணையத்தில் தேடினாலும் கிடைக்கக் கூடாது.

அக்கா: நாய்க்குட்டியின் பெயர்?

தம்பி: அதுதான் என் எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டு. நான் ஏற்கெனவே ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். ‘அப்பாவின் ரேடியோவைக் கிணற்றில் போட்டது யார்?’

(அக்காவின் பேனா நிற்கிறது.)

அக்கா: நீதான். ஊருக்கே தெரியும். அடியும் வாங்கினாய்.

தம்பி: அடி வாங்கியது நான். தண்ணீர் இறைக்கும்போது பாட்டு கேட்க வேண்டுமென்று கப்பிக் கட்டையில் அதைத் தொங்கவிட்டது யார்? உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

அக்கா: அப்படிக் கேட்டு நீ ‘அக்கா’ என்று சொன்னால், அம்மா ‘இது என் மகனே இல்லை, போனை வை’ என்று சொல்லிவிடுவார்.

தம்பி: அதற்குத்தான் சரியான பதிலை எழுதி, உறையில் ஒட்டி அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். ஏதாவது நடந்தால் மட்டும் பிரிக்கச் சொல்லி.

அக்கா: ஒட்டிய உறையை அம்மாவிடமா?

தம்பி: ஏன்?

அக்கா: தம்பி, கேள். இருட்டினால் ஓட்டாதே என்றேன் இல்லையா? ஐந்து மணிக்கே எங்காவது தங்கிவிடு.

தம்பி: அங்கே ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும் அக்கா.

அக்கா: நான்கு மணிக்கு. உறை எங்கே இருக்கிறது?