75 வயதுக்கு மேல் தேர்தலில் நிற்கத் தடையா?

"75 வயது தாண்டியவர் இனி தேர்தலில் நிற்க முடியாது, சட்டம் வந்துவிட்டது" என்று ஒரு செய்தி வேலூர், காட்பாடிப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை.

அரசியலமைப்பின் 84, 173ஆம் பிரிவுகள் சொல்வது குறைந்தபட்ச வயது மட்டும்தான். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் 25, மாநிலங்களவைக்கு 30. மேல் வரம்பு எங்கும் கிடையாது. சில கட்சிகள் மூத்தவர்களுக்கு சீட் தராமல் இருக்கலாம்; அது அவர்கள் வீட்டு விவகாரம், சட்டமில்லை.

உதாரணத்துக்கு வெளியூர் போகவே வேண்டாம். 1938இல் பிறந்த திமுக மூத்த தலைவர் துரைமுருகன் முதலில் சட்டமன்றம் போனது 1971இல், இதே காட்பாடியிலிருந்து. 2021இல் 82 வயதில் அங்கேயே நின்றார். 746 வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பினார். அதை வயதின் கணக்கு என்பீர்களோ, சலிப்பின் கணக்கு என்பீர்களோ, வாக்காளர் விருப்பம்.

85 வயதானவர்களுக்கு ஒரு விதி உண்டு, ஆனால் அது ஓட்டுப் போடுபவருக்கு: அவர்கள் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம்.

"கிழவர்கள் நாற்காலியை விடமாட்டேன் என்கிறார்களே" என்ற கோபம் எனக்கும் உண்டு. சரி, அதற்காக இல்லாத சட்டத்தைப் பரப்ப வேண்டுமா?