ஜட்ஜுக்கு ஓட்டு போட்டா என்ன ஆகும்? ரெய்னோசோவக் கேளுங்க

ஏதாவது தீர்ப்பு பிடிக்கலன்னா போதும், எங்க ஃபேமிலி குரூப்ல மாமா ஆரம்பிச்சிடுவாரு, "அமெரிக்காவுல மாதிரி ஜட்ஜையும் ஓட்டு போட்டு தூக்கணும்டா"ன்னு. ரொம்ப நாள் நானும் அதுக்கு தலையாட்டினவன்தான். குரூஸ் ரெய்னோசோன்னு ஒரு அமெரிக்க ஜட்ஜ் பத்தி படிச்சதுக்கப்புறம் ஆட்டறதில்ல.

கலிஃபோர்னியாக்காரர், 1931ல பொறந்தவர். மெக்சிகோவுல இருந்து வந்த தோட்டக்கூலி குடும்பம், வீட்ல 11 பிள்ளைங்க. லா ஹாப்ராங்கற ஊர்ல இவங்க குடியிருப்புக்கு போஸ்ட்மேன் வரமாட்டார், லெட்டர் வேணும்னா டவுனுக்கு நடக்கணும், ஆனா பக்கத்துல புதுசா குடிவந்த வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் வீட்டு வாசல்ல டெலிவரி. பையன் ரெய்னோசோ போஸ்ட் ஆபீஸ் போய் ஏன்னு கேட்டிருக்கான். பிடிக்கலன்னா வாஷிங்டனுக்கு எழுதிக்கோன்னு பதில். எழுதிட்டான்ல! வீடு வீடா கையெழுத்து வாங்கி அனுப்பி போஸ்ட்மேன வரவெச்சிட்டான்.

அப்புறம் பெர்க்லி யுனிவர்சிட்டில சட்டம் படிச்சு, விவசாயக் கூலிகளுக்கு இலவசமா கேஸ் நடத்துற ஒரு அமைப்புக்கு டைரக்டர் ஆனார் (அப்ப கவர்னரா இருந்த ரீகனுக்கு அந்த அமைப்புன்னாலே ஆகாது). 1976ல அடுத்த கவர்னர் ஜெர்ரி பிரவுன் அவர சாக்ரமெண்டோ அப்பீல் கோர்ட்டுல ஜட்ஜா போட்டார். அங்க சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது, கீழ்கோர்ட் கட்டுகளப் படி, வக்கீல் பேசறதக் கேளு, மூணு பேரா உக்காந்து முடிவு பண்ணி எழுது, அவ்ளோதான். அங்கிருந்து 1982ல மாநில சுப்ரீம் கோர்ட். அந்த நாற்காலில உக்காந்த முதல் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரர்) இவர்தான்.

1984ல அவர் எழுதின தீர்ப்பு ஒண்ணு, அகுய்லார் கேஸ். இங்கிலீஷ் தெரியாத ஒருத்தர் குற்றவாளிக் கூண்டுல, அவருக்குன்னு ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர், ஆனா ஸ்பானிஷ் பேசற சாட்சி வந்ததும் அந்த ஆளையே கடன் வாங்குற மாதிரி கூட்டிட்டுப் போய் சாட்சிக்கு பேசவெச்சிட்டாங்க. அந்த நேரத்துல ஜட்ஜும் வக்கீலும் என்ன பேசிக்கறாங்கன்னு இந்த மனுஷனுக்கு எப்படி புரியும்? தன்னோட வக்கீல் காதுல ஒரு வார்த்தை சொல்லணும்னாகூட வாய் இல்ல. செல்லாது, விசாரணை முழுக்க அவருக்குன்னு தனி ஆள் இருந்தாகணும்னு எழுதினார். போஸ்ட் ஆபீஸ்ல நின்ன பையன்தான் எனக்கு இதுல தெரியறான்.

இப்ப ஓட்டு கதைக்கு வருவோம். கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட்டுல ஜட்ஜுக்கு எதிர்ல யாரும் நிக்கமாட்டாங்க, தொடரட்டுமா வேணாமா, யெஸ் இல்ல நோ, நோட்டா மட்டும் எதிர்ல நிக்கிற மாதிரி. 1986 நவம்பர்ல சீஃப் ஜஸ்டிஸ் ரோஸ் பேர்ட், ரெய்னோசோ, ஜோசப் க்ரோடின் மூணு பேரும் ஒரேயடியா காலி. மரண தண்டனைகள ரத்து பண்றாங்கங்கறதுதான் டிவி விளம்பரம் பூரா. முக்கிய டார்கெட் பேர்ட், மத்த ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிட்டாங்க.

மாமா கேக்கறாரு, "கொலைகாரன காப்பாத்தினா மக்கள் சும்மா விடுவாங்களா?" கோபம் நியாயம்தான் மாமா, ஆனா இவங்கள தோக்கடிங்கன்னு பிரச்சாரம் பண்ண கவர்னர் டியூக்மேஜியனே காலியான மூணு சீட்டையும் நிரப்பினாரே, அது மக்கள் கோபமா? அகுய்லார் தீர்ப்பப் பத்தி எந்த விளம்பரமும் பேசலயே. இந்த யெஸ்-நோ ஓட்டு முறை 1934ல வந்ததுலருந்து இன்னிக்கு வரைக்கும் அந்த சுப்ரீம் கோர்ட்டுல இப்படி வெளிய போனது இவங்க மூணு பேர் மட்டும்தான், ஆனா ஓட்டு வரப்போற வருஷம் தீர்ப்பு எழுதுற எந்த ஜட்ஜுக்கு அது ஞாபகம் வராம இருக்கும்?

ரெய்னோசோ பாட்டுக்கு சட்டம் சொல்லிக்குடுக்கப் போயிட்டார். 2000ல ஜனாதிபதி கிளின்டன் கையால அமெரிக்காவோட உயரிய சிவிலியன் விருதான சுதந்திரப் பதக்கம். 2011ல டேவிஸ் காலேஜ்ல சும்மா தரையில உக்காந்திருந்த ஸ்டூடன்ட்ஸ் மூஞ்சில போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிச்சப்ப, விசாரணைக் குழுவுக்கு தலைமை தாங்க 80 வயசு ரெய்னோசோவத்தான் கூப்பிட்டாங்க. இது நடக்காம தடுத்திருக்க முடியும், தடுத்திருக்கணும்னு அந்த ரிப்போர்ட்ல பளிச்னு எழுதி வெச்சிட்டாங்க.