சாயம் மரத்தை வெளுக்காது
செம்பழுப்பு மரமான மகோகனியில் செய்த கிட்டாரில் மஞ்சள் சாயத்தை நாலைந்து கை பூசினால் வெளிர் நிறம் வந்துவிடும் என்கிறது ஒரு கட்டுரை. வராது. சாயம் ஒளியை உள்ளே விடும். அடியில் இருக்கும் செம்பழுப்போடு சேர்ந்து மரம் இன்னும் கருக்கத்தான் செய்யும்.

1950களில் கிப்சன் நிறுவனம் 'டிவி' மஞ்சள் என்ற வெளிர் மஞ்சளில் விற்ற லெஸ் பால் ஜூனியர் கிட்டாரும் மகோகனிதான். அந்த வெளிர் நிறம் லேக்கரில் (மேலே பூசும் வார்னிஷ் போன்ற பூச்சு) கலந்த நிறமியால் வந்தது; நிறமி, சாயம் போல இல்லாமல், அடி நிறத்தை மறைக்கும். அதைக் கிட்டத்தில் பாருங்கள்: மரத்துளைகளில் கருமையான ஃபில்லர் (துளையை அடைக்கும் பசை) கோடுகோடாக இறங்கியிருக்கும், மேலே பால் கலந்த மஞ்சள் மெல்லிசாகப் படர்ந்திருக்கும். ஒரு கை கூடிப்போனாலும் ரேகை மறைந்து சாதாரண பெயிண்ட் ஆகிவிடும். அதனால் முதலில் அதே மரத்தின் வெட்டுத்துண்டில் அடித்துப் பார்ப்பது நல்லது.

நிறமி வேண்டாம், மரமே வெளுக்க வேண்டும் என்றால் காஸ்டிக் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு என இரண்டு பாகமாக வரும் மர ப்ளீச்தான் வழி. ஆக்ஸாலிக் அமிலம் இரும்புக் கறையை எடுக்கும், மரத்தின் சொந்த நிறத்தை அவ்வளவாகத் தொடாது. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ப்ளீச்சைத் தொடாதீர்கள், தயவுசெய்து. அப்புறம் நீர்த்த வினிகரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, எழும்பிய நாரை மட்டும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். வெளுப்பு மேலோட்டமானது, அழுத்தித் தேய்த்தால் பழைய பழுப்பு திட்டுத்திட்டாக எட்டிப்பார்க்கும்.