வெறும் கரி டெர்ரா பிரெட்டா ஆகாது

"அமேசான் கறுப்பு மண் வெறும் மரக்கரிதான், வயலில் கரித்தூள் கலந்தால் உரமே வேண்டாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. டெர்ரா பிரெட்டா என்று சொல்லப்படும் அந்த அமேசான் கறுப்பு மண்ணில் கரி நிறைய உண்டு, கறுப்பு நிறமும் அதனால்தான். ஆனால் கரி சத்தைப் பிடித்து வைக்குமே தவிர, தானாகப் பெரிதாக எதையும் தராது. அந்த மண்ணின் பாஸ்பரஸும் கால்சியமும் மீன் முள், விலங்கு எலும்பு, சாம்பல், சமையல் கழிவு, மலம் என்று வந்து சேர்ந்தவை. சொல்லப்போனால் அது ஊர்க் குப்பைமேடு! தோண்டினால் பானை ஓடு கிடைக்கிறதே, அதனால்தான். அங்கே குடியிருந்த பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது. சில இடங்களில் 2 மீட்டர் ஆழம் வரை போகும். சுற்றியுள்ள காட்டு மண்ணோ மழையில் சத்தெல்லாம் அடித்துப்போன அமில மண். பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில் குயிகுரோ பழங்குடி மக்கள் இன்றும் சாம்பலையும் மீன் கழிவையும் குவித்து இப்படி மண் ஆக்குகிறார்கள்.

அப்புறம், இதை நம் கரிசலோடு ஒப்பிட்டவருக்கு: கரிசல் இயற்கையாக உருவான களிமண், மனிதர் ஆக்கியதல்ல.

கரித்தூள் போட ஆசையென்றால் சரி, தொழுவுரத்தோடு கலந்து ஊறவைத்துப் போடுங்கள்.