பால் எதுவானாலும், அதில் என்ன கரைக்கிறோம்?

என் மகளுக்கு மூன்று வயது நிறைவதற்குள் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் பழுப்பேறி அரிக்கத் தொடங்கிவிட்டன. கீழ்வரிசை மட்டும் பூப்போல வெள்ளையாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்த பல் மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார். "இரவில் பால் புட்டியோடு தூங்குகிறாளா?" ஆம் என்றேன். "பாலில் என்ன கலக்கிறீர்கள்?"

நாட்டுச்சர்க்கரை. ஒரு புட்டிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. வெள்ளைச் சர்க்கரை வேண்டாம் என்று நானே தேடித் தேடி வாங்கியது.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் கோவையிலிருந்து பேசிய என் சித்தி மகள். அவளுடைய ஒன்றரை வயதுப் பையனுக்குப் பசும்பால் ஒவ்வாமை. "பாதாம் பாலுக்கு மாற்றிவிடட்டுமா அக்கா? பசும்பால்தான் பல்லைக் கெடுக்கும் என்று வீடியோவில் சொல்கிறார்களே, பாதாம் பால் பல்லுக்கும் நல்லதாமே" என்றாள். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

பசும்பாலில் சர்க்கரை உண்டு, உண்மைதான். 100 மில்லியில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ். ஆனால் நம் உணவில் இருக்கும் சர்க்கரைகளில் பல்லுக்கு மிகக் குறைவாகத் தீங்கு செய்வது அதுதான். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. லாக்டோஸிலிருந்து அந்த அமிலம் மெதுவாகவே உண்டாகிறது. கூடவே பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம், அதோடு பாஸ்பேட், கேசீன் என்ற புரதம். பல் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும் பொருள்கள் எல்லாம் அதே தம்ளரிலேயே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கேசீனிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் கொண்டுதான் எனாமலை வலுப்படுத்தும் பற்பசைக் களிம்பையே உருவாக்கினார்கள்.

பகலில் சாப்பாட்டோடு வெறும் பால் குடிப்பதால் பொதுவாகக் குழந்தைக்குப் பல் சொத்தையாகிவிடாது. இரவு வேறு. தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். புட்டியை உறிஞ்சியபடியே தூங்கிப்போகும் குழந்தையின் வாயில் பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றின் வாயும் அங்கேதான் இருக்கிறது. என் மகளின் கீழ்வரிசை ஏன் தப்பியது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் தேங்கிய பாலில் நான் நாட்டுச்சர்க்கரையும் கரைத்திருந்தேன். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கிருமிகள் பல்லில் ஒட்டிக்கொள்ளப் பசை தயாரிப்பதும் அந்தச் சுக்ரோஸிலிருந்துதான். இயற்கையானது என்ற சொல் கிருமிக்குத் தெரியாது.

இனி அந்தப் பாதாம் பால். நம் ஊரில் பாதாம் பால் என்றால் பசும்பாலைக் காய்ச்சிப் பாதாமும் குங்குமப்பூவும் சர்க்கரையும் சேர்ப்பது. அட்டைப்பெட்டியில் வருவது வேறு சரக்கு. பெரும்பாலான பெட்டிகளில் முதலில் தண்ணீர். பாதாம் நூற்றுக்கு ஒருசில பங்குதான். வீட்டிலேயே பத்துப் பாதாமை ஊறவைத்து அரைத்தாலும் அதில் 30 மில்லிகிராம் கால்சியம் இருந்தால் அதிகம். 200 மில்லித் தம்ளர் பசும்பாலில் 240. தயாரிப்பாளர் கால்சியம் சேர்த்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சேர்த்த கால்சியமும் அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் தம்ளருக்கு வந்து சேராது.

ஓட்ஸ் பாலில் இன்னொரு சங்கதி. தயாரிக்கும்போதே நொதிகளைச் சேர்த்து ஓட்ஸின் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறார்கள். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கத்தில் உண்மையாகவே எழுதலாம். பின்பக்க அட்டவணையில் 100 மில்லிக்கு 3, 4 கிராம் சர்க்கரை இருக்கும். அது கிருமிகளுக்கு லாக்டோஸைவிட எளிய தீனி.

2021இல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாவர பானங்களைப் 'பால்' என்ற பெயரில் இணையத்தில் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு. அந்த உத்தரவைப் பலர் கேலி செய்தார்கள். நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். மதுரையில் பருத்திப்பால் குடித்து வளர்ந்தவள் நான். அதைப் பால் என்றுதான் சொன்னோம், ஆனால் பசும்பாலுக்குப் பதிலாக எந்தத் தாயும் அதைக் குழந்தைக்குப் புகட்டியதில்லை. இன்று பால் என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என் தங்கை ஏமாறப் பார்த்தாள்.

உயிர்கள்மீது கொண்ட அன்பினாலோ ஒவ்வாமையாலோ பசும்பாலை விட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. பல்லைக் காப்பாற்ற அவர்களுக்கும் வழி இருக்கிறது. எனக்கு வேதனை தருவது, எந்தப் பாலையும் வெறும் பாலாகக் குடிக்கவிடாத நம் பழக்கம். காலையில் சத்துமாவு பானம் என்று இரண்டு கரண்டி, அதன்மேல் சர்க்கரை, மாலையில் மறுபடியும். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1200 கலோரி உண்ணும் குழந்தைக்கு அந்த 5 விழுக்காடு 15 கிராம்தான். மூன்று, மூன்றரைத் தேக்கரண்டி. நான் மூன்று புட்டிகளில் மட்டுமே நாலரை கொடுத்திருக்கிறேன்.

"பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று உறவினர்கள் தேற்றினார்கள். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டியவை. பின்னால் வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவை. அது கிடக்கட்டும். மூன்று வயதுக் குழந்தையைப் பல் மருத்துவரின் நாற்காலியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அந்த வார்த்தையை மறுபடி சொல்ல மாட்டார்கள்.

தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான். குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கால்சியம் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பால் கொடு. புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் வருவது அதுதான். புட்டியில் வேண்டாம், தம்ளரில், சாப்பாட்டோடு. இரவு அரிசிமணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கியபின் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. இனிப்புக்குப் பழகிவிட்டான் என்றால் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வா. என் மகள் முதல் வாரம் தம்ளரைத் தட்டிவிட்டாள். மூன்றாவது வாரம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

தங்கை கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பணம் கட்டுவதற்கு முன்னால் பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.